ராய்ஸ் பிக்கெட்டின் கண்ணும் வாயும்

"என் கண்ணுல இருந்து எவனும் தப்புனது இல்ல. கண்ணுல பட்டதை என் வாய் சொல்லாம விட்டதும் இல்ல."

இந்த மகத்தான வாக்கியங்கள் ஏதோ ராணுவக் கல்லூரிப் பட்டமளிப்பு மேடையில் முழங்கப்பட்டவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நெவாடா பாலைவனத்தில், ட்ரை ஃபோர்க் என்னும் எங்கள் சிற்றூரில், தன் வீட்டுப் பின்புறம் கரியடுப்பின் முன்னால் நின்று, பன்றி விலாவை இடுக்கியால் திருப்பிப் போட்டுக்கொண்டே மாஸ்டர் சார்ஜண்ட் ராய்ஸ் பிக்கெட் இவற்றை அருளினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் படைத்தளத்து சகாக்கள், அவர்களுடைய குடும்பங்கள், அடுப்பைச் சுற்றி வந்த ஒரு நாய். அடுத்து வரும் கோடையில் ராய்ஸ் ஓய்வு பெறவிருந்தார். ஓய்வு பெறப் போகிறவர் பேசினால் எல்லோரும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நாய் மட்டும் கேட்கவில்லை. அதற்கு விலா எலும்பில்தான் கவனம்.

ராய்ஸின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். உலகத்தின் மறுகோடியில் பறக்கும் வேவு விமானத்தை எங்கள் ஊர்ப் படைத்தளத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து இரண்டு பேர் நடத்துவார்கள். இடது நாற்காலிக்காரர் ஓட்டுவார். வலது நாற்காலிக்காரர் அதன் வயிற்றில் தொங்கும் கேமராவைத் திருப்புவார். ராய்ஸ் வலது நாற்காலி. 'ஆளில்லா விமானம்' என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். "ஆள் இல்லையா? அப்ப பெட்டிக்குள்ள குளிர்ல நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கேனே, நான் யாரு, பூசணிக்காயா?" என்பார். இயந்திரங்களுக்குச் சூடு ஆகாது என்பதால் பெட்டிக்குள் குளிர் அள்ளிக் கொட்டும். வெளியே பல்லி வெந்து சாகிற வெயிலில் கம்பளிச் சட்டை அணிந்து வேலைக்குப் போகும் ஒரே இனம் எங்கள் ஊரில்தான் உண்டு. உடுப்பு விமானி உடுப்பு. நெஞ்சில் சிறகுச் சின்னம். உடுத்துகிறவர் தரையை விட்டு ஒரு விரல்கடை உயரம்கூட எழும்பியதில்லை. இதைப் பற்றி ட்ரை ஃபோர்க்கில் யாரும் சிரிப்பதில்லை. பாதி ஊருக்கு அந்த உடுப்புதான்.

வலது நாற்காலிக்கு ஒரு விதி உண்டு. கண்ணில் பட்டதை உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவன் கதவைத் திறந்தால் "ஒருத்தன் கதவைத் திறக்குறான்." கிழவர் மூக்கைச் சொறிந்தால் "கிழவர் மூக்கைச் சொறியறார்." இதன் பயன் என்ன என்று கேட்பது நம் வேலையல்ல. காதில் மாட்டிய கருவி வழியே அதைக் கேட்க மேலதிகாரிகள் வரிசை கட்டியிருந்தார்கள். அங்கே கண்டதை அவர்கள் காதோடு விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் பழக்கத்துக்குச் சட்டம் தெரியுமா? பெட்டியை விட்டு வெளியே வந்தாலும் வாய் நிற்காது. மளிகைக் கடையில் தள்ளுவண்டியோடு நிற்பார். "நீலச் சட்டைக்காரர் தர்பூசணியை ரெண்டாவது தடவை தட்டறார்" என்பார். சர்ச்சில், பிரார்த்தனையின் நடுவே, "மூணாவது வரிசை, பச்சைத் தொப்பி, தூங்கிட்டார்" என்பார். பக்கத்து வீட்டுக்காரிக்கு அவள் கணவன் ரகசியமாக ஏற்பாடு செய்த பிறந்தநாள் விருந்து, வேலிக்கு மேலாக ராய்ஸ் "கேக் வந்து இறங்குது" என்றதோடு முடிந்தது.

இன்னொரு விசேஷம். ஆண்டுக்கணக்காக மனிதர்களை உச்சியிலிருந்து மட்டுமே பார்த்தவருக்கு முகம் ஒரு பொருட்டே இல்லை. உச்சந்தலை, நிழல், நடை, இந்த மூன்றும்தான் அடையாளம். எங்கள் பாஸ்டர் எதிரே வந்து கைகுலுக்கினால் யார் என்று விழிப்பார். பாஸ்டர் மனம் நொந்து திரும்பி நடந்தால், "அட, பாஸ்டர். வலது தோள் சாய்வு" என்று கூப்பிடுவார்.

"சும்மா அளக்காத ராய்ஸ்" என்றாள் அவர் மனைவி மார்லிஸ், கரியடுப்பருகே, உருளைக்கிழங்குக் கட்டிகளை அடுக்கி வேகவைத்த தன் ஊர்ப் பாணி ஹாட்டிஷ் தட்டை மேசையில் வைத்துக்கொண்டே. "உனக்கு நல்லா தெரிஞ்ச ஆளு உன் கேமராவுக்குக் கீழ நடமாடினா கண்டுபிடிச்சிடுவியா?"

ராய்ஸ் உடனே பதில் சொல்லவில்லை. விமானத்துக்கு இங்கிருந்து போகும் கட்டளை செயற்கைக்கோள் வழியாகச் சுற்றிப் போய், படம் சுற்றி வந்து சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்தத் தாமதம் அவருடைய பேச்சிலும் ஏறிவிட்டது. மனைவி எதைக் கேட்டாலும் கேள்வி வானத்துக்குப் போய்த் திரும்புவதுபோல ஒரு இடைவெளி விட்டுத்தான் பதில் வரும்.

"தூக்கத்துல கண்டுபிடிப்பேன்" என்றார்.

"பந்தயம்?"

"என்ன பந்தயம்?"

"வசந்தகாலப் பயிற்சி முடியறதுக்குள்ள அப்படி ஒரு ஆளு வரும். நீ கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா, நீ ஓய்வு பெற்றதும் இந்த மணல்லயே கடைசி வரைக்கும் கிடக்கேன். வாய் திறக்க மாட்டேன். சொல்லலைன்னா டுலூத்."

சுற்றிலும் ஒரே ஆரவாரம். இளம் விமானி கேப்டன் ஒகாம்போ, ராய்ஸின் இடது நாற்காலிக்காரி, "சார்ஜண்ட், எங்க மானத்தைக் காப்பாத்துங்க" என்றாள். ராய்ஸ் இடுக்கியை வாள் போல உயர்த்தி ஒப்புக்கொண்டார்.

டுலூத் மார்லிஸின் ஊர். மினசோட்டாவில், கடல் என்று சொன்னாலும் நம்பக்கூடிய ஒரு ஏரியின் கரையில் இருக்கிறது. "கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் ஊர் மாத்திடுவாங்க" என்று சொல்லித்தான் ராய்ஸ் அவளை இந்தப் பாலைவனத்துக்குக் கூட்டி வந்தார். அந்தக் கொஞ்ச நாளில் அவள் தலை நரைத்துவிட்டது. ராய்ஸுக்கோ வேறு திட்டம். பயிற்சியாளர்களைத் தளத்துக்குப் பிடித்துத் தரும் ஒரு கம்பெனி அவருக்கு ஆசை காட்டியிருந்தது: வசந்தகாலப் பயிற்சியின் கடைசி நாள் சோதனையில் ஜெயித்துக் காட்டினால், ஓய்வுக்குப் பின் சீருடையைக் கழற்றிவிட்டு அதே பெட்டியில் அதே நாற்காலியில் உட்காரலாம். குளிரும் அதே குளிர்தான். இதைவிட வேறு சொர்க்கம் இருப்பதாக ராய்ஸுக்குத் தெரியாது.

பந்தயம் கட்டும்போதே மார்லிஸ் பாதி ஏற்பாட்டை முடித்திருந்தாள். அந்த வாரம் மளிகைக் கடை வரிசையில் நசீரா என்கிற பெண், அவள் வண்டியிலிருந்த மாவு மூட்டையைப் பார்த்து, "ரொட்டி சுடத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாள்.

தளத்துக்குப் பின்னால், மலையடிவாரத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின் கிராமம் ஒன்றை ராணுவம் கட்டி வைத்திருக்கிறது. பிளைவுட் வீடுகள், சரக்குப் பெட்டிகளை அடுக்கிய சந்தை, 'காவல் நிலையம்' என்று பலகை மாட்டிய தகரக் கொட்டகை. ஆண்டுதோறும் வசந்தத்தில் சம்பளத்துக்கு ஆள் பிடித்து அங்கியும் முக்காடும் மாட்டி அதில் உலவ விடுவார்கள். வேவு விமானம் மேலே சுற்றும். எவன் எப்போது எழுந்தான், யாரோடு பேசினான், எந்தச் சந்தில் திரும்பினான் என்று பெட்டிக்காரர்கள் நாள் தவறாமல் கவனித்து ஒவ்வொருவருடைய வாழ்க்கை ஒழுங்கையும் கண்டறிய வேண்டும். கடைசி நாள், அந்தக் கூட்டத்தில் ஒரு பொட்டலத்தை ரகசியமாகக் கைமாற்றும் தூதன் யார் என்று சொல்ல வேண்டும். லாஸ் வேகாஸில் வேலையற்ற நடனக்காரர்கள், சீட்டுக்கட்டு கலைக்கிறவர்கள், மேடை வாய்ப்பு வற்றிப்போன ஒரு மந்திரவாதி எல்லோரும் அந்தக் கிராமத்தின் குடிமக்கள். மந்திரவாதிக்குக் கழுதை வண்டி. அவன் கழுதையை மறைய வைக்கிறேன் என்று அடிக்கடி முயல்வான். கழுதை ஒத்துழைக்காது.

அவர்களில் நிஜமாகவே அப்படி ஒரு கிராமத்தில் பிறந்தவள் நசீரா ஒருத்திதான். அதனால் அவளைத் தலைவியாக்கியிருந்தார்கள்.

"அங்க எங்களை சும்மாவே பார்த்தாங்க" என்பாள் நசீரா, வானத்தைப் பார்க்காமலே. "இங்க பாக்கறதுக்குச் சம்பளம். மதியச் சாப்பாடு வேற. முன்னேற்றம்தானே?"

இதற்குச் சிரிப்பதா கூடாதா என்று மார்லிஸுக்கு முதலில் தெரியவில்லை. நசீரா சிரித்த பிறகு அவளும் சிரித்தாள்.

மார்லிஸ் ரொட்டிக்காரியாக நியமிக்கப்பட்டாள். வீட்டில் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "பேக்கரி வேலை கிடைச்சிருக்கு" என்றாள். ராய்ஸ் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், வழக்கமான இடைவெளி விட்டு, "ரொம்ப நல்லது" என்றார். எங்கே, யாருக்கு, எப்போது என்று எதுவும் கேட்கவில்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் ரொட்டி வாங்கினால் எந்தக் கடை என்று துருவித் துருவிப் பார்க்கும் மனிதர்.

இடைஞ்சல் ஒன்றுதான். மார்லிஸின் நடை.

டுலூத்காரர்கள் பாதி வருஷம் பனிக்கட்டி மேல் நடக்கிறவர்கள். பாதத்தைத் தட்டையாக வைத்து, விரல் நுனியைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, சின்னச் சின்ன அடியாகப் பெங்குவின் போல நடப்பார்கள். கொதிக்கும் மணலிலும் மார்லிஸ் அப்படித்தான் நடந்தாள். "வழுக்கி விழுந்துடாத, இங்க பனி ஜாஸ்தி" என்று ராய்ஸ் கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்து வருகிறார்.

நசீரா அவளைச் சந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருமுறை நடக்கவிட்டாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா தாயே, இந்த நடைக்கு விமானம் எதுக்கு, நிலாவிலிருந்தே தெரியும். செருப்பைக் கழட்டு."

கழற்றினாள். நசீரா தரையில் தேடி, கொண்டைக்கடலை அளவில் ஒரு கல்லைப் பொறுக்கி இடது செருப்புக்குள் போட்டாள்.

"இப்ப நட."

மார்லிஸ் நடந்தாள். நொண்டினாள். பெங்குவின் செத்தது, இடது பக்கம் சாய்ந்து இழுத்து நடக்கும் ஒரு ரொட்டிக்காரி பிறந்தாள்.

கிராமத் தலைவி என்ற முறையில் நசீராவின் காதில் ஒரு கருவி உண்டு. பெட்டிக்காரர்கள் மேலே பேசுவது அதில் கேட்கும். முதல் நாள் சந்தைக்கு நடுவே மார்லிஸ் ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது நசீரா மெல்ல அருகே வந்தாள்.

"உன் வீட்டுக்காரர் பேசறார். கேளு. 'ரொட்டிக்காரி. இடது கால் நொண்டல்.' சரி, நல்லது. 'கூன் லேசா இருக்கு.' ம். 'வயசு அறுபதுக்கு மேல.'"

"என்னது?"

"கையை ஆட்டாத. மேல தெரியும்."

"எனக்கு ஐம்பத்தொண்ணுதான் ஆகுது."

"அவருக்குச் சொல்லட்டுமா?"

அன்று வீட்டில் ராய்ஸின் தட்டில் ஹாட்டிஷ் ஓரத்தில் கருகியிருந்த பகுதியாகப் பார்த்து விழுந்தது. அவருக்குக் காரணம் புரியவில்லை. "மேல கருப்பா இருக்கு" என்று மட்டும் கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டுத் தின்றார்.

ரொட்டிக்காரி அறுபது தாண்டியவள் என்பது மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நசீரா வேண்டுமென்றே ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். "இன்னிக்கு 'பாட்டி'ன்னுட்டார்" என்பாள். மார்லிஸ் மாவை அறைந்து பிசைவாள். ரொட்டி முன்னெப்போதையும்விட மென்மையாக வந்ததாகக் கிராமத்தில் பேச்சு.

பந்தயம் ராய்ஸை ஆட்டித்தான் வைத்தது. தெரிந்த ஆள் யார் யார் என்று தேடித் தேடிக் கண்டார். "கிணத்தடியில நிக்கிறது நம்ம ஹார்டுவேர் கடை வெண்டல். சந்தேகமே இல்ல" என்று அறிவித்தார். நசீரா போய்ப் பார்த்தாள். அது நிழல் விழுவதற்காக வைக்கோல் அடைத்து நிறுத்திய பொம்மை. செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் வெண்டல் ஒரு வாரம், "நான் அங்கயும் இங்கயும் ஒரே நேரத்துல இருக்கேன் பாரு" என்று ஆணி விற்றார். பிறகு தாடிக்காரர் ஒருவரைப் பாஸ்டர் என்றார். அவர் சூதாட்ட விடுதிக்காரர். பாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. அந்த விடுதிக்காரருக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

நாள் முழுதும் கல்லோடு நடந்து மார்லிஸின் பாதம் புண்ணாகிவிட்டது. வீட்டிலும் கால் தானாகச் சாயப் பார்க்கும். அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பெங்குவினாக நடப்பாள். மதிய இடைவேளையில் ஒரு வழி கண்டுபிடித்தாள். காவல் நிலையக் கொட்டகைக்குப் பின்னால், மூன்று பக்கமும் சுவர் மறைத்த இடத்தில், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் நீளத் தொட்டி ஒன்று கிடந்தது. தீப்பிடித்தால் அணைக்க நிரப்பி வைத்தது. யாரும் தொடக் கூடாது என்பது விதி. மார்லிஸ் செருப்பைக் கழற்றுவாள், கல்லை உதறுவாள், வெறுங்காலோடு நாலடி நடந்து போய்ப் பெருவிரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்துவிடுவாள். டுலூத்தில் பிறந்தவள் பாலைவனத்தில் ஒரு மாட்டுத்தொட்டிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பது என்ன மாதிரி காட்சி என்று அவளுக்கே தெரியும். தரையிலிருந்து யாரும் பார்க்க முடியாது. மேலேயிருந்து பார்க்க முடியும் என்பது, வெயிலும் கால்வலியும் சேர்ந்தபோது, அவளுக்குத் தோன்றவில்லை. ஓய்வு முடிந்ததும் கல்லை மறுபடி செருப்புக்குள் போட்டு, நொண்டிக்கொண்டு சந்தைக்குத் திரும்புவாள்.

கடைசி நாளுக்கு முன்தினம் நசீரா அவளைத் தனியே அழைத்தாள். "நாளைக்கு நீதான் தூதன். பொட்டலம் ரொட்டிக் கூடைக்கு அடியில. சந்தையைத் தாண்டிப் போய்க் கிணத்தடியில வெச்சிடு. அவ்வளவுதான்."

"என்னையேவா?"

"பாட்டியை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

மறுநாள் காலை உணவு மேசையில் ராய்ஸ் எதையும் தொடவில்லை. உடுப்பைத் தானே இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். நெஞ்சிலிருந்த சிறகுச் சின்னத்தைத் துணியால் துடைத்தார்; துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"இன்னிக்கு அந்த ஆளைப் பிடிச்சா வேலை நிச்சயம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான்" என்றார்.

"பிடிச்சிடுவ."

இடைவெளி. "வேற எதுவும் எனக்குத் தெரியாது மார்லி. வீட்டுல உக்காந்து நான் என்ன பண்றது? ஏரியைப் பாத்துக்கிட்டு, 'அலை வருது, அலை போகுது'ன்னா?"

மார்லிஸ் காபியை ஊற்றினாள். இவ்வளவு காலம் தண்ணீருக்காக ஏங்கியது ஒரு பக்கம். எதிரே உட்கார்ந்து சிறகைத் துடைக்கும் ஆள் இன்னொரு பக்கம். அவர் போன பிறகு காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே முடிவு செய்தாள். போகட்டும், டுலூத் எங்கேயும் ஓடிப் போகாது.

கிராமத்துக்கு வந்ததும் இடது செருப்பைக் கவிழ்த்துக் கல்லைத் தூர எறிந்தாள்.

நசீரா பார்த்துவிட்டாள். "என்ன பண்ற? கல் எங்க?"

"வலிக்குது."

"இத்தனை நாள் வலிக்கலையா? இந்த நடையோட போனா அடுத்த நிமிஷம் சொல்லிடுவார். பந்தயம் போச்சு."

"போகட்டும்."

நசீரா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க ஊர்ல பந்தயம் இப்படித்தான் கட்டுவாங்களா?" என்றாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்து விட்டாள்.

ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பட்டப்பகல் வெளிச்சத்தில், ஒரு நிழலும் மறைக்காத சந்தைத் திடலின் நட்டநடுவே மார்லிஸ் நடந்தாள். தட்டையான பாதம், வெளிப்பக்கம் திரும்பிய விரல்கள், சின்னச் சின்ன அடிகள். அவ்வளவு சுத்தமான டுலூத் நடையை டுலூத்திலேயே பார்க்க முடியாது. கிணற்றடி வந்தாள். பொட்டலத்தை வைத்தாள். நிமிர்ந்து, போதாததற்கு, வானத்தைப் பார்த்து ஒருமுறை நின்றாள்.

நசீரா பக்கத்தில் வந்து காதுக் கருவியை அழுத்திக்கொண்டு கேட்டாள். வெறும் இரைச்சல். செயற்கைக்கோள் தாமதத்தைவிட நீண்ட ஒரு தாமதம்.

"என்ன சொல்றார்?" மார்லிஸ் உதடு அசையாமல் கேட்டாள்.

"'தூதன் தெரிஞ்சுட்டான்'ங்கறார்."

"ம்."

"'கழுதை வண்டிக்காரன்.'"

கழுதை வண்டியில் வெங்காயம் மட்டும்தான் இருந்தது. மந்திரவாதியைப் பிடித்து நிறுத்திச் சோதித்தார்கள். அவன் சட்டைக் கையிலிருந்து ஒரு நீளமான வண்ணக் கைக்குட்டையும் அதன் பின்னால் இன்னொன்றும் வந்துகொண்டே இருந்தன, வேறெதுவும் கிடைக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் ஒரு கூடாரத்தில் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டுவது வழக்கம். திரையில் ரொட்டிக்காரி திடலைக் கடந்து பொட்டலத்தை வைத்தாள். "தூதன் எழுந்து நிற்கட்டும்" என்றார்கள். மார்லிஸ் எழுந்து முக்காட்டை எடுத்தாள்.

கூடாரத்தில் நாற்காலிகள் சாயுமளவு சிரிப்பு. வெண்டல் ஊருக்குள்ளிருந்தே கேட்டிருப்பார். "சார்ஜண்ட், பாட்டியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான் ஒருவன். ராய்ஸ் எழுந்தார். மனைவியைப் பார்த்தார். வழக்கமான இடைவெளி.

"ஏமாந்துட்டேன்" என்றார்.

கம்பெனிக்காரர் வேறொரு இளைஞரோடு கைகுலுக்கினார். மார்லிஸ் ஜெயித்தாள்.

ஜெயித்தவள் முகத்தில் களை இல்லை. அவளை வேதனைப்படுத்தியது வேலை போனதல்ல, வயசைக் கூட்டிச் சொன்னதும் அல்ல. கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தா பார் என்று நடந்துகாட்டியும், கட்டினவனுக்கு அவள் நடை தெரியவில்லை. கழுதை வண்டிக்காரன் தெரிந்தான். வீட்டில் பேச்சு உப்பு, சர்க்கரை, சாவி என்பதோடு நின்றது. ராய்ஸும் குறை சொல்லவில்லை. பந்தயத்தில் தோற்றவர் முறையாகப் பெட்டிகளை அடுக்கினார்.

சாமான் கட்டுவதற்கு உதவ கேப்டன் ஒகாம்போ வந்தாள். ராய்ஸ் லாரிக்காரனோடு வெளியே நின்று, "சோபா ஏறுது. சோபா இறங்குது. சோபா மறுபடி ஏறுது" என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இவர் மாதிரி ஒரு வலது நாற்காலி இனி எனக்குக் கிடைக்காது மேடம்" என்றாள் ஒகாம்போ, ஒட்டுநாடாவைக் கடித்துக் கிழித்தபடி. "ஒரே ஒரு கிறுக்கு. இந்தத் தடவை மதியம் ஆனா கேமராவை அப்படியே மலைப் பக்கம் திருப்பிடுவார். என்ன சார்ஜண்ட்னா, 'காட்டுக் கழுதை எண்ணுறேன் கேப்டன்'னுவார். நானும் பாப்பேன். ஒரு கழுதையும் இருக்காது. பாறைதான்."

"கிறுக்குக்கு என்ன குறைச்சல்" என்றாள் மார்லிஸ். தட்டுகள் வைத்த பெட்டியை மூடினாள்.

டுலூத்துக்கு வந்து சேர்ந்தபோது ஜூலை மாதம். பாலைவனக்காரருக்கு அது குளிர்காலம். ராய்ஸ் பெட்டிக்குள் போட்ட அதே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வந்த மறுநாளே மார்லிஸ் அவரைக் கரைக்குக் கூட்டிப் போனாள். மணல் இல்லாத கரை. கண்ணுக்கெட்டிய மட்டும் கூழாங்கற்கள். அதற்கப்பால் ஏரி, முடிவே இல்லாமல். முதுகுப் பக்கம் ஊர் ஏறிப்போகும் குன்று.

அவள் காலணிகளைக் கழற்றி வைத்தாள். வெறுங்காலோடு நாலடி நடந்து பெருவிரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கணுக்கால் வரை இறங்கி நின்றாள். குளிர் எலும்புவரை ஏறியது. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். ஆனாலும் தனியாகத்தான் நிற்கிறோம் என்று ஒரு கசப்பு. பக்கத்தில் ஒரு ஆள் நின்று 'அலை வருது, அலை போகுது' என்றாவது சொல்லக் கூடாதா?

சத்தமில்லை. திரும்பிப் பார்த்தாள்.

ராய்ஸ் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முகம் குன்றின் பக்கம். கையில் அவளுடைய இடது காலணி. அதைக் கவிழ்த்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று உள்ளங்கையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன பாக்குற?" என்றாள்.

"காட்டுக் கழுதை எண்ணுறேன்."

டுலூத்தில் காட்டுக் கழுதை கிடையாது. மார்லிஸ் தண்ணீரில் அசையாமல் நின்றாள். ஒரு அலை வந்தது, போனது, யாரும் அறிவிக்கவில்லை.

"எப்பத்திலிருந்து தெரியும்?" கடைசியில் கேட்டாள்.

இடைவெளி. "முதல் வாரம். கொட்டகைக்குப் பின்னால நாலு அடி நடந்த. பனிக்கட்டி மேல நடக்குற மாதிரி."

"அப்ப கிணத்தடி பொம்மை? பாஸ்டர்?"

"யாரையாவது சொல்லணும்ல. சும்மா இருந்தா எனக்குக் காய்ச்சலான்னு கேப்டன் தொட்டுப் பாப்பாங்க."

"உன் வேலை போச்சே ராய்ஸ்."

அவர் காலணியை ஜோடியோடு சேர்த்து, தண்ணீர் படாத ஒரு கல் மேல் வைத்தார். "வெறும் மாட்டுத்தொட்டி அது" என்றார். "கேமராவைத் திருப்பிட்டு, திரும்ப வந்து பாப்பேன். எப்ப வந்தாலும் அதுலயே உக்காந்திருந்த."

அழுதிருப்பாள் என்று நினைக்கிறவர்களுக்கு மார்லிஸைத் தெரியாது. அவள் மனசுக்குள் நாட்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ராய்ஸ்."

"ம்."

"அறுபதுக்கு மேலன்னு சொன்னியே. அது நான்தான்னு தெரியறதுக்கு முன்னாடியா, தெரிஞ்ச பிறகா?"

ராய்ஸ் பிக்கெட் திரும்பி அவளைப் பார்த்தார். கேள்வி வானத்துக்குப் போய்த் திரும்பி வரும் நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. வாயைத் திறந்தார். ஏரி மேல் ஒரு பறவை தாழப் பறந்து போனது, அதையும் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டார்.